மூன்று அடிக்குப் பிறகு

கால்பந்து மேட்சில் எனக்கு வாய் திறக்கும் வேலை கிடையாது. அதற்காகவே ட்ரம்மை எடுத்துக்கொண்டேன்.

குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பார்சல் கட்டுகிறவன் நான். படிப்பு பத்தாவது வரைக்கும்தான். பள்ளிக்கூட பேண்டில் பெரிய ட்ரம் என் கழுத்தில்தான் தொங்கும். நாலு பேர் நடுவில் நின்று பேசச் சொன்னால் எனக்குக் கை வியர்த்துவிடும். ஸ்டேடியம் நிறைய ஆட்கள் இருக்கும்போது ட்ரம் அடிக்கச் சொன்னால் ஒன்றும் ஆகாது. எல்லோரும் மைதானத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்க்க மாட்டார்கள்.

மேட்ச் உள்ள நாளில் எங்கள் ரசிகர் கூட்டம் தாம்பரம் ஸ்டேஷனில் சேரும். சேலையூர்க்காரர் ஒருவர்தான் எங்களுக்குத் தலைவர் மாதிரி. ஐ.டி. கம்பெனியில் வேலை, என்னைவிடச் சின்னவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ட்ரம்மைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி ரயிலில் ஏற்றி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடப்போம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடாக்க மைதானத்தில் ஓடுவார்கள் இல்லையா, அப்போது நம்பர் வரிசைப்படி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். முதலில் நான் மூன்று அடி அடிப்பேன். உடனே மொத்த கேலரியும் பெயரைச் சொல்லும். அந்த ஆட்டக்காரர் எங்கள் பக்கம் திரும்பிக் கையைத் தூக்குவார். நாங்கள் கை தட்டுவோம். அடுத்து மறுபடி மூன்று அடி, அடுத்த பெயர். டிவியில் இதெல்லாம் வராது. நேரில் வந்தால்தான் உண்டு.

ஒன்பதாம் நம்பர் எங்கள் செல்லம். வெளிநாட்டுக்காரர், பெரிய தாடி. வந்த மாதமே மைக்கில் "மச்சான்" என்று ஒரு வார்த்தை சொன்னார், அதோடு எல்லோரும் விழுந்துவிட்டோம். அவர் பெயர் வரும்போது என் ட்ரம் சத்தம் எனக்கே கேட்காது. அவர் பெனால்டியை வானத்துக்கு அடித்தாலும், பாவம், கால் வழுக்கிவிட்டது என்போம்.

பதினெட்டாம் நம்பர் லெஃப்ட் பேக். இடது ஓரத்தில் நின்று தடுக்கிறவர். அவரை எங்கள் கூட்டத்துக்கு ஆகாது. அவர் ஒரு வருடம் பக்கத்து மாநில அணிக்குப் போய் ஆடிவிட்டுத் திரும்பி வந்தவர். அது முதல் குற்றம். வந்த பிறகு அதே அணிக்கு எதிராக ஆடும்போது கோல்கீப்பருக்கு அவர் பின்னால் தட்டிய பந்தை எதிராளி எடுத்துக் கோல் போட்டான். அது இரண்டாவது. அன்றிலிருந்து அவருக்கு "ரிவர்ஸ் கியர்" என்று பெயர். வரிசையில் அவர் முறை வரும். நான் மூன்று அடி அடிப்பேன். கேலரி வாயை மூடிக்கொள்ளும். அந்த அமைதியில், கார் பின்னால் எடுக்கும்போது கேட்குமே, அந்த மியூசிக்கை யாராவது ஒருவர் செல்போனில் போடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் அடுத்த நம்பர்.

அப்படியும் அவர் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்குவார். என் மூன்று அடி கேட்டதும் திரும்பி, யாரும் கூப்பிடாத அந்த இடத்தில், கையைத் தூக்கிவிட்டு ஓடுவார்.

அவர் வீடு முடிச்சூரில் என் வீட்டுக்குக் கீழே. இது எங்கள் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லும் ஆளும் இல்லை.

சீசனில் அவர் கிளப் கொடுத்த இடத்தில் தங்கிவிடுவார். கீழே அவருடைய அம்மா மட்டும்தான், நான் அக்கா என்று கூப்பிடுவேன். தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து நின்றுவிட்டவர். பெரிய வெள்ளத்தில் அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது பையனின் முதல் பூட்ஸ் போனதைப் பற்றி இன்னும் சொல்வார். பீரோ, கட்டில் போனதைப் பற்றிச் சொல்ல மாட்டார்.

நான் ட்ரம் அடிப்பது அக்காவுக்குத் தெரியும். ஒருநாள் நான் தண்ணீர் மோட்டார் போடக் கீழே வந்தபோது, ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களாமே, அவனுக்கும் உண்டா என்று கேட்டார். அவனுக்கும் மூணு அடி உண்டுக்கா என்றேன். அது உண்மைதான். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு மீதியைச் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர், இந்த வாரம் என்னையும் கூட்டிட்டுப் போங்க தம்பி, அத ஒரு தடவ காதால கேக்கணும் என்றார். சரி என்றேன்.

இரண்டு நாள் கழித்து மகன் வந்திருந்தார். நான் வேலைக்குக் கிளம்பும்போது படிக்கட்டில் பையோடு நின்றுகொண்டிருந்தார். மைதானத்தில் பார்க்கிற உயரம் இல்லை, சாதாரணமாகத்தான் இருந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அங்கிள், அம்மா வர்றேன்னு சொன்னாங்களா?"

"ஆமாம்பா."

"டிக்கெட் இல்லன்னு சொல்லிடுங்க. மழைன்னு சொல்லுங்க. ஏதாவது சொல்லி நிறுத்திடுங்க அங்கிள். ப்ளீஸ்."

அதற்கும் சரி என்றேன். வேறென்ன சொல்வது? அவரிடம் மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நான் கூப்பிடாமல் இருக்கவில்லை, அடிக்கத்தானே செய்கிறேன் என்றும் தோன்றியது. உள்ளேயிருந்து அக்கா இட்லி ஆறுது என்று குரல் கொடுக்க, அவர் போய்விட்டார்.

சனிக்கிழமை சேலை மேல் கிளப் ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு அக்கா கேட்டுக்கு வெளியே தயாராக நின்றார். முதுகில் பதினெட்டு. அந்த நம்பர் எங்கேயும் விற்பதில்லை, தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் தனியாகச் சொல்லி அச்சடித்து வாங்கினாராம். வானம் பளிச்சென்று இருந்தது. மழை என்று எப்படிச் சொல்வது? தலை வலிக்குமே அக்கா, சத்தம் ஜாஸ்தியா இருக்கும் என்றேன். ஆஸ்பத்திரியில கேக்காத சத்தமா என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

பிளாட்பாரத்தில் எங்கள் ஆட்கள் அவர் முதுகைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். சேலையூர்க்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"என்னக்கா, போயும் போயும் அந்த நம்பரா? கடைல வேற இல்லயா?"

எங்க கீழ் வீடு என்று நான்தான் அவர்களிடம் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான் சொல்லியிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இதான் இருந்தது, தம்பி."

ஆஃபர்ல குடுத்திருப்பான் என்றார் ஒருவர். அக்காவும் ஆமாம் என்று தலையாட்டினார். ரயில் பல்லாவரம் தாண்டும் வரைக்கும் ரிவர்ஸ் கியர் கதைகள்தான். அவருக்கு வீட்டுக்குப் போக வழி சொன்னாலும் பின்பக்கமாகத்தான் நடப்பார் என்றார் ஒருவர். முடிச்சூர்க்காரனாம் அவன், வெள்ளத்துல கூட ரிவர்ஸ்லதான் நீந்தியிருப்பான் என்றார் இன்னொருவர். நான் பெட்ஷீட்டின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேலையூர்க்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாம்பலத்தில் சொல்லலாம், எழும்பூருக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் சொல்லலாம் என்று இருந்தேன். பார்க் ஸ்டேஷன் வந்துவிட்டது.

கேலரியில் அக்கா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர்கள் ஆரம்பித்தன. கோல்கீப்பருக்குக் கேலரி அதிர்ந்தது, அக்கா கை தட்டினார். ஒன்பதாம் நம்பருக்கு எழுந்தே நின்றுவிட்டார், எல்லோரும் நின்றதால். பதினைந்து, பதினாறு. அவர் பர்சை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பதினேழு.

மூன்று அடி அடித்தேன். எப்போதையும்விட ஓங்கி அடித்தேன், அதைத் தவிர என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பிறகு அந்த அமைதி. நான் வாயைத் திறந்தேன். அந்தப் பெயரை நானே சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன். காற்றுதான் வந்தது. எங்கோ பின்னால் ரிவர்ஸ் மியூசிக் கேட்டது, சிரிப்பு கேட்டது.

அக்கா திரும்பிப் பின்னால் பார்க்கவில்லை. தூரத்தில் அவர் மகன் திரும்பிக் கையைத் தூக்கினார். எங்கள் பக்கம் பார்த்து ஒரு நொடி அப்படியே நின்றார். அம்மாவைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். அப்புறம் ஓடிவிட்டார்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. ஒன்பதாம் நம்பர் காலியான கோலை விட்டு வெளியே அடித்தார், அவருக்காகப் பாட்டுப் பாடினோம். பதினெட்டு ஒரு த்ரோவைத் தப்பாக எறிந்தார், கேலரி ஊளையிட்டது. அக்கா என் காதருகில் கேட்டார்.

"இவங்கள அவன் என்ன பண்ணான், தம்பி?"

பின்னால் தட்டிய அந்தப் பந்தைப் பற்றிச் சொல்லலாம், பக்கத்து மாநிலத்துக்குப் போனதைச் சொல்லலாம். அதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் மாதிரி இல்லை. தெரியலக்கா என்றேன்.

இடைவேளையில் சேலையூர்க்காரர் வந்து என் தோளில் கை போட்டிருந்தார். அடுத்த மேட்ச்லருந்து பதினெட்டுக்கு ட்ரம்மும் வேணாம் அண்ணா, நேரா அடுத்த நம்பருக்குப் போயிடுங்க, அவன் கையத் தூக்கறதப் பாத்தாலே கடுப்பா கீது என்று சொல்லியிருந்தார். சரி என்றிருந்தேன். அக்கா அப்போது தண்ணீர் வாங்கப் போயிருந்தார்.

திரும்பும் ரயிலில் கூட்டம் ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிக் குறைந்தது. சானடோரியம் வந்தபோது அக்கா வாயைத் திறந்தார்.

"உங்க சத்தம் அவனுக்குக் கேக்குது. கையத் தூக்கினான், பாத்தேன். அத மட்டும் நிறுத்திடாதீங்க."

"சரிக்கா" என்றேன்.

அடுத்த மேட்ச் வரைக்கும் கடையில் முடிச்சுப் போடும்போதெல்லாம் இதே நினைப்புதான். யாருக்குச் சொன்ன சரியை வைத்துக்கொள்வது? மேட்ச் அன்றைக்குப் பதினேழு முடிந்தது. நான் மூன்று அடி அடித்தேன். சேலையூர்க்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். தாம்பரம் வந்து இறங்கும்போது, உங்களுக்குத் தோள் வலிக்கும் அண்ணா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க என்று ட்ரம்மை வாங்கிக்கொண்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ.

இப்போது காலேஜ் மாணவர் ஒருவர் அடிக்கிறார். நன்றாகவே அடிக்கிறார். பதினேழு முடிந்ததும் நேராகப் பத்தொன்பதுக்குப் போய்விடுகிறார். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் நான் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் சீட்டின் ஓரத்தில் கையால் மூன்று தட்டுத் தட்டுகிறேன். பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது.

போன மேட்சில் பதினெட்டாம் நம்பர் தன் முறை வந்தபோது எங்கள் பக்கம் திரும்பினார். கையும் மேலே வந்தது. சத்தம் எதுவும் வராததால் அந்தக் கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அக்கா மோட்டார் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அடிச்சீங்களா, தம்பி?"

"அடிச்சேன்க்கா."

"கையத் தூக்கினானா?"

"தூக்கினான்" என்றேன். தொட்டி நிறைந்து மேலே தண்ணீர் வழியத் தொடங்கியிருந்தது. அக்கா ஸ்விட்சை அணைக்கவில்லை. இன்னும் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.