சேக்காட்டு வீட்டுத் தூண்

பழைய சுண்ணாம்புச் சுவரை உடைக்கும்போது ஒரு வாசனை வரும். ஈரமும் புழுதியும் கலந்து தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அது இன்றைக்கும் ஆகாது.

எண்பதுகளின் கடைசி. ஆவடி சேக்காட்டில் ஒரே வரிசையாக ஆறு வீடுகள்... ரெண்டு வீட்டுக்கு நடுவில் ஒற்றைச் சுவர்தான். ஃபேக்டரி குவார்ட்டர்ஸை விட்டு வந்து அப்பா ஆசை ஆசையாக வாங்கியது அதில் கோடி வீடு.

வாங்கிய பிறகுதான் அதன் லட்சணம் தெரிந்தது. மாடிப்படி சமையல்கட்டுக்குள் ஆரம்பிக்கும். துணி காயப்போட யார் போனாலும் அம்மாவின் அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். பாத்ரூமுக்குள் அப்பா குனிந்துதான் நுழைவார். எல்லாவற்றுக்கும் மேலே, ஹால் நடுவில் ஒரு செங்கல் தூண். பழைய ஓனர் ரெண்டு ரூமை ஒன்றாக்கியபோது உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்தது. நந்தி மாதிரி குறுக்கே நிற்கும்.

என்னைப் பெண் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை தூணுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். "இன்னாங்க இது, பொண்ணப் பாக்க வந்தா தூணத்தான் பாத்துகினு கீறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது, அம்பத்தூர் எஸ்டேட்டில் டைப்பிஸ்ட். அதற்கு முன்பே ரெண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இதுவும் போய்விடுமோ என்று பயம்.

அவர்கள் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். நிச்சயதார்த்தத்துக்குள் தூணை எடுத்துவிடுவது, உத்தரத்துக்குக் கீழே இரும்பு கர்டர் கொடுப்பது என்று அப்பா முடிவு செய்தார். கொத்தனார் முனுசாமி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சார், இது மண்ணு சாந்து. பொதுச் சொவுத்துல கர்டரு சொருவுனா தாங்காது. கீயருந்து தனியா காலு எயுப்பணும். இல்லாட்டி நான் வர்ல சார்."

அப்பா ஃபேக்டரியில் ஃபிட்டர். எந்த இரும்பு எவ்வளவு கனம் தாங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. சுவரைப் பற்றி யோசிக்கவில்லை. கொத்தனார் இல்லாமல் தானே செய்துவிடுவது என்று கிளம்பிவிட்டார்.

அந்தப் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா அக்கா வீடு. அவர் வீட்டுக்காரர் அருள் அண்ணனைக் கேட்டால் சுவரில் கை வைக்க விடமாட்டார். அதனால் அப்பா பார்த்த நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை. குடும்பத்தோடு சர்ச்சில் பூசைக்குப் போவார்கள், எட்டு மணிக்குப் பூட்டினால் பத்துக்குத்தான் திறப்பார்கள். இது வரிசைக்கே தெரியும். ஆள் இல்லாதபோது செய்தால் ஆபத்தில்லை, முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அன்று காலை ஏழு மணிக்குக் குழாயடியில் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"ஒடம்பு அனலா கொதிக்குதுடி. நான் கோயிலுக்குப் போவல. படுத்துக்கப் போறேன்."

எட்டு மணிக்கு அப்பாவின் ஃபேக்டரி நண்பர்கள் நாலு பேர் கர்டரோடு வந்து நின்றார்கள். அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம்.

"பக்கத்து வீட்ல எல்லாரும் கெளம்பிட்டாங்களாம்மா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"போயிட்டாங்கப்பா."

மறந்துபோய் அப்படிச் சொல்லவில்லை. தெரிந்தேதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அப்பா வேலையை நிறுத்திவிடுவார், தூண் அங்கேயே நிற்கும், என் கல்யாணமும் நிற்கும்... ஒரு மணி நேர வேலை, அக்கா பாட்டுக்குத் தூங்கட்டும், என்ன ஆகிவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

கர்டர் ஏறியது. தூணை உடைத்து முடித்ததும் தலைக்கு மேலே மரம் முனகியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொதுச் சுவர் அந்தப் பக்கமாகச் சரிந்தது. கர்டர் முனைக்கு நேர் கீழே, அவர்கள் பக்கம் அலமாரிக்காகச் சுவரைக் குடைந்திருந்தார்கள். அது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

புழுதிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது... அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அப்பா ஓட்டை வழியாகவே பாய்ந்துபோய் வெறும் கையால் கல்லை வாரினார். அக்காவுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது.

பூசையிலிருந்து ஓடிவந்த அருள் அண்ணன் அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா சார் உங்களுக்கு?"

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரிடம், "உள்ள ஆள் இருக்கான்னு பாக்காம செஞ்சது என் தப்புதான்" என்றார். என் பேரை எடுக்கவே இல்லை. சாகும்வரைக்கும் எடுக்கவில்லை.

ஸ்டெல்லா அக்கா தையல்காரர். மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். அதற்குப் பிறகு மிஷினை மிதிக்கவே முடியவில்லை. ஒருநாள் தனியாக இருக்கும்போது என்னைக் கேட்டார்.

"கொழாயாண்ட உன்கிட்ட சொன்னேனே... மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்க்கா."

"சரி வுடு. கல்யாண நெனப்புல இருந்திருப்பே" என்று தலையைத் தடவினார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. பூந்தமல்லிக்காரர்கள் ராசியில்லாத வீடு என்று எப்போதோ விலகிப் போயிருந்தார்கள்.

இப்போது அந்த வரிசையே இல்லை, அபார்ட்மென்ட் நிற்கிறது. நான் இருக்கும் ஃபிளாட்டில் சுவரில் ட்ரில் போடுவதற்குக்கூட முன்கூட்டியே மெசேஜ் வருகிறது. நல்லதுதான். ஆனாலும் நான் கதவு கதவாகத் தட்டி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவேன். அந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்று சிரிக்கிறார்கள்.

போன மாதம் ஸ்டெல்லா அக்கா காலமானார். அவர் மகன் ஜோசப் போனில் பேசினான். "உங்கப்பாவ நாங்க யாரும் மன்னிக்கலக்கா. அம்மா மட்டும் அவர ஒரு வார்த்தை சொல்ல வுட மாட்டாங்க. ஏன்னே தெரியல."

எனக்குத் தெரியும். குழாயடியில் என்னிடம் சொன்னதை அக்கா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. "அவங்க மனசு அப்படிப்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஜோசப்... நீயும் இந்த ஃபேஸ்புக் குரூப்பில் இருக்கிறாய். இதை உனக்காகத்தான் எழுதினேன். திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு. அப்பாவை விட்டுவிடு.