கிரேக்க நாடகத்துக்கு வைத்த பொட்டு

அந்தப் புத்தகத்தின் தோல் அட்டையில், மேல் மூலையில், ஒரு குங்குமப் பொட்டு இருக்கிறது. உள்ளே இருப்பது பழங்காலக் கிரேக்க நாடகம். அச்சானது நானூறு வருஷத்துக்கும் முன்னால், இத்தாலியில். பொட்டு வைத்தது என் சித்தி, திருவண்ணாமலையில்.

சித்தி கீழ்பென்னாத்தூர் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த இத்தாலியப் பெண்மணி, ஊர் திரும்பும்போது அந்தப் புத்தகத்தை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஆல்பா, பீட்டா, தீட்டா எல்லாம் கணக்கில் பழகியவைதானே என்று, மிச்ச கிரேக்க எழுத்துகளையும் ஒரு கோடை விடுமுறையில் சித்தி கற்றுக்கொண்டாள். அப்புறம் பிடித்தது பைத்தியம். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பிரெஞ்சு வீடுகளைக் காலி செய்யும்போது வந்து விழும் குவியல்களுக்குள் உட்கார்ந்துவிடுவாள். தாளை வெயிலுக்கு நேராகப் பிடித்து, உள்ளே தெரியும் நீர்க்குறியைப் பார்த்து வயதைக் கணிப்பாள். எவ்வளவு அழகான பழம்புத்தகம் கிடைத்தாலும், கிரேக்க நாடகம் இல்லையென்றால் வைத்த இடத்திலேயே வைத்துவிடுவாள். அப்படிச் சேர்ந்தது ஓர் அலமாரித் தட்டு.

சரஸ்வதி பூஜைக்கு அத்தனையும் கூடத்துக்கு வரும். என் பாடப்புத்தகத்துக்கு வைக்கிற அதே சந்தனம், குங்குமம். "தோல் அட்டையப் போயி பூஜையில வெக்கிறியே" என்று சித்தப்பா ஒருமுறை முனகினார். "மிருதங்கத்துக்குப் போட்டிருக்கறது என்னங்க, வாழ மட்டையா?" என்றாள்.

பிள்ளை இல்லாத சித்திக்கு ஒரே கவலைதான். தனக்குப் பிறகு இவை ஆளுக்கொன்றாகச் சிதறிவிடக் கூடாது. சென்னை நூலகம் ஒன்றுக்குக் கொடுக்க விரும்பினாள். பார்க்க வந்தவர் பொட்டைக் கண்டதும் முகம் சுளித்தார். "என்னம்மா இது, அநியாயமா கறை பண்ணிட்டீங்களே. இத சுத்தம் பண்ண சம்மதிச்சாதான் எடுத்துக்க முடியும்."

சித்தி உள்ளே ஒரு பக்கத்தைப் புரட்டினாள். யாரோ எந்தக் காலத்திலோ வைத்த மதுக்கோப்பையின் வட்டத் தடம். "இதையும் தொடச்சிடுவீங்களா சார்?"

"ஐயையோ, அது வரலாறுங்க."

"அப்ப எங்க வீட்டுது மட்டும் அழுக்குங்களா?"

அவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். தேடி வந்ததை வாயால் கெடுத்துக்கொண்டாளே என்று எனக்கு ஒரே ஆத்திரம். அவளோ நிம்மதியாக டம்ளர்களைக் கழுவினாள். "விடு, வேற ஆளு வருவாங்க" என்றாள்.

சித்தி இருந்தவரை யாரும் வரவில்லை. சித்தப்பாவும் அவளும் போன பிறகு வீடும் அலமாரியும் என் பொறுப்பாயின. இந்த ஆவணியில் அதே நூலகத்திலிருந்து வேறொரு அதிகாரி வந்தார், ஒரு பெண். லென்ஸ் வைத்துப் பொட்டைப் பார்த்தார். யார் வைத்தது, எதற்கு என்று கேட்டார். நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்.

"இத அழிக்க மாட்டோங்க. எல்லாப் புத்தகமும் ஒரே எடத்துல இருக்கும். ஆனா இனிமே புதுசா பொட்டு வெக்கக் கூடாது."

சித்தியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. "பூஜை முடிஞ்சதும் எடுத்துக்குங்க" என்றேன்.

நேற்று சரஸ்வதி பூஜை. நாளைக்கு வேன் வருகிறது. குங்குமத்தைத் தொட்டபோது கண் கலங்கியது உண்மைதான். இனிமேல் வைக்க முடியாதே என்று, சித்தி வைத்த பொட்டின் மேலேயே, இந்த முறை கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.