சவரி கொடுத்த பாஸ்கள்

கால்பந்து மைதானத்தில் ஆட்டத்தைப் பார்க்க முடியாத ஒரே ஆள், பாஸ் எண்ணுகிறவன்தான். ஊரே எழுந்து நின்று கத்தும்போது அவன் குனிந்து பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டிருப்பான். மூட்டை எண்ணியோ, வண்டி எண்ணியோ, ஆளுக்கு ஆள் வருகை எண்ணியோ காலம் தள்ளுகிறவர்களுக்கு என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தாவாக இருந்தபோது, இந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

சண்டை தீர ஒரு வழி

எங்கள் ஆலைக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. சனிக்கிழமை ஆட்டம் என்றால் வெள்ளிக்கிழமை கமிட்டியில் அடிதடி. யாரைச் சேர்ப்பது, யாரை உட்கார வைப்பது என்று எல்லாரும் தங்கள் கூலி லைன் வீட்டு வரிசைப் பையனுக்காகத் தொண்டை வறளக் கத்துவார்கள். காரியதரிசி தங்கவேலு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கிரிக்கெட்டில் ஆளுக்கு இத்தனை ரன் என்று எழுதுவதைப் போல, கால்பந்திலும் யார் கொடுத்த பாஸ் தன் ஆளிடம் சேர்ந்தது, யாருடையது தவறியது என்று எழுதிவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாதாம்.

"எனக்குப் பந்தாட்டம் அவ்வளவாகத் தெரியாதே" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். தெரிஞ்சவன் எண்ணினா நியாயமா எண்ண மாட்டான்!"

யார் பேரில் எழுதுவது?

அந்த ஆட்டப் பருவத்தில் சென்டர் ஹாஃப் இடத்துக்குப் புதிதாக வந்தவன் சவரி. பத்தொன்பது வயது. ஆலையில் தினக்கூலிக்கு நெல் மூட்டை தூக்குகிறவன். சென்டர் ஹாஃப் என்றால் நடுவில் நின்று மொத்த ஆட்டத்தையும் பிரித்துக் கொடுக்க வேண்டிய ஆள். பருவம் முழுக்க அந்த இடத்தைக் காப்பாற்றினால் எடைக் கொட்டகையில் நிரந்தர வேலை என்று தங்கவேலு வாக்குக் கொடுத்திருந்தார்.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்து மைதானத்தில் முதல் ஆட்டம். சவரியின் பெயருக்கு நேரே தவறிய கோடுகள்தான் அதிகம். வெறுங்காலால் அவன் உதைக்கிற பந்து அழகாகப் பறந்து, இடது ஓரத்தில் ஆளே இல்லாத இடத்தில் போய் விழும். இடது ஓரத்து ஆட்டக்காரன் மியா, பந்து தன் காலடிக்கே வரும் என்று நின்ற இடத்தில் நின்றிருப்பான். இடைவேளையில் கேப்டன் கோ டின்னைப் பிடித்தேன். கோ டின் பர்மியர்; எங்கள் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். என்னை மரியாதையாக 'சயா' என்றுதான் கூப்பிடுவார். "இது சவரி தப்பா, மியா தப்பா? ஏதாவது ஒன்று எழுத வேண்டுமே" என்றேன். அவர் சுருட்டுப் புகையை நிதானமாக விட்டார். "சயா, பந்து சரியான எடத்துக்குப் போயிருச்சு. மியாதான் இன்னும் வந்து சேரலை."

மரியம்மாளின் கேள்வி

மறு வாரம் ஆலை வாசலில் ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தாள். சவரியின் அக்கா மரியம்மாள். லான்மடாவ் கடைத்தெருவில் இட்லி விற்று, தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவள். "நீங்க போடற கோட்டுலதான் அவன் வேலை இருக்குன்னு சொல்றாங்களே, அது என்ன கோடுங்கய்யா?" என்று கேட்டாள். விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"வாங்குறவன் கோட்டை விட்டா?"

"அதுவும் கொடுத்தவன் பேரில்தான் அம்மா. காரியதரிசி அப்படித்தான் சொல்லியிருக்கிறார்."

கோபம் இல்லை, நிஜமாகவே யோசித்தாள். "அப்போ நான் வடிச்ச சோத்தை அவன் திங்காம எழுந்து போனா, அதுவும் என் பேருலதானுங்களா?"

தவறே இல்லாத மூன்று ஆட்டங்கள்

அக்கா வீட்டில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் சவரி வேறு ஆளாக வந்தான். பந்து வந்ததும் பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு தட்டு. அங்கே வழியில்லையென்றால் பின்னால் நிற்கும் கந்தசாமிக்கு ஒரு தட்டு. தவறிய பந்து ஒன்றிரண்டுகூட இல்லை. இப்படியே மூன்று ஆட்டம். தங்கவேலு என் தாளைக் கமிட்டியில் எல்லாருக்கும் காட்டி மகிழ்ந்தார். இரண்டு ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது, மூன்றாவதில் தோற்றோம்.

தற்காப்பில் ஆடும் கந்தசாமிதான் பாவம். சவரி அனுப்பும் பந்தையெல்லாம் வாங்கி வாங்கி ஓய்ந்துபோனார். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் என் பெஞ்சில் வந்து பொத்தென்று விழுந்தார். "எதிர்க்கட்சிக்காரன்கூட எங்கிட்ட இவ்வளவு பந்து கொண்டு வரலை சார்!"

கப்பும் மூட்டையும்

எனக்கு மனம் கேட்கவில்லை. சவரியைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் தம்பி, முதல் ஆட்டத்தில் ஆடினாயே, அப்படி ஆடினால் என்ன?" என்று கேட்டேன். தலை குனிந்துதான் பதில் சொன்னான். குரலில் மட்டும் தடுமாற்றம் இல்லை. "ஜெயிச்சா உங்க எல்லாருக்கும் கப்பு சார். தவறினா எனக்கு மட்டும் மூட்டை."

சேறு

கடைசி ஆட்டம், ஆற்றுக்கு அக்கரையில் சிரியம் எண்ணெய் ஆலை அணியோடு. நல்ல மழை. இடைவேளைக்குள் ஒரு கோல் வாங்கிவிட்டோம். சவரி வழக்கம்போல் பத்திரமாகத் தட்டிக்கொண்டிருந்தான். இடைவேளையில் மியா அவனிடம் போய்ப் பர்மிய மொழியில் ஏதோ சொன்னான். என்னவென்று கோ டின்னிடம் கேட்டேன். இனிமேல் பந்து வருவதற்கு முன்பே ஓடுகிறேன், நீ உதை என்றானாம்.

பிறகு சவரி பெயருக்கு நேரே நான் கோடு போட்டுக் கை வலித்தது. அத்தனையும் தவறிய கோடு. சேற்றில் சிக்கியது பாதி, எல்லையைத் தாண்டியது பாதி. சரியாகப் போய்ச் சேர்ந்தது இரண்டே இரண்டு. மியா இரண்டையும் கோலாக்கினான். ஜெயித்தோம். கோ டின் சவரியைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். மழைக்கு ஒதுங்கி நின்ற மரியம்மாள் முக்காட்டை வாயில் வைத்து அழுதாள்.

திங்கட்கிழமை கமிட்டியில் என் தாள்தான் பேசியது. சேர்ந்ததைவிடத் தவறியது பல மடங்கு. அப்படிப்பட்டவனுக்கு எடைக் கொட்டகை இல்லை. "அந்த இரண்டு பாஸில்தானே ஜெயித்தோம், அதற்கும் தாளில் ஒரு கட்டம் போடுவோம்" என்று மன்றாடினேன். கோ டின் மேசையைத் தட்டினார். தங்கவேலு கெட்டவர் இல்லை, அவருக்கும் வருத்தம்தான். "ஆளைப் பார்த்துக் கணக்கை மாத்தினா, மறுபடியும் பழைய சண்டைதானேய்யா வரும்?"

படகுத்துறையில்

அந்த வாரமே சிரியத்து அணியின் மேனேஜர் ஆள் அனுப்பிவிட்டார். சவரிக்கு அங்கே நிரந்தர வேலை, குடியிருக்க ஓர் அறை. வழியனுப்பப் படகுத்துறைக்குப் போனேன். சவரி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. மரியம்மாள் இட்லிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தாள். "புது இடம், பயமில்லையே?" என்று அவளிடம் கேட்டேன். "இல்லைங்கய்யா. அங்க எண்ணுறதுக்கு யாரும் இல்லைன்னு கேட்டுக்கிட்டுத்தான் சரின்னேன்."

மறு வருஷம்

அடுத்த பருவம் சிரியத்தோடு மறுபடி மோதினோம். சவரி எதிர்ப்பக்கம். அவன் உதைத்த பந்துகள் எங்கள் தலைக்கு மேலே பறந்தன. அவர்கள் ஆட்கள் முன்கூட்டியே ஓடி வாங்கிக்கொண்டார்கள். எங்கள் ஆட்களோ தவறிய கோட்டுக்குப் பயந்து பக்கத்து ஆளுக்கே தட்டிக்கொண்டிருந்தார்கள். கோ டின் தோற்றுக்கொண்டே கைதட்டினார். பழக்க தோஷத்தில் நான் சவரிக்கும் கோடு போட ஆரம்பித்திருந்தேன். தங்கவேலு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பக்கத்தை எண்ணாதீங்க. நம்ம பக்கம் மட்டும் போதும்."

அன்றைய என் தாளின்படி, நாங்கள் குற்றம் குறையில்லாமல் ஆடித் தோற்றோம்.