நான் தீட்டிய கோடாலி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில், பெரிய காஞ்சிபுரத்தில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் பாயிடம் துருப்பிடித்த கோடாலித் தலை ஒன்றை வாங்கினேன். வினிகரில் ஊறப்போட்டுத் துருவை எடுத்தேன். தலையின் இருபுறமும் தடித்திருந்த கன்னங்களை அரத்தால் ராவி இளைக்க வைத்து, முனையைத் தீட்டினேன். ஒரு வாரத்தில் அது என் கை முடியையே மழித்தது. புதுக் காம்பு போட்டு, மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தி, புளியங்கட்டையில் ஓங்கிப் போட்டேன். கோடாலி உள்ளே இறங்கியது. திரும்பி வரவில்லை.

மனைவி கட்டையை மிதித்துக்கொள்ள நான் இழுத்தேன். எதிர்வீட்டு நெசவாளர் தறியை விட்டு எழுந்து வந்து இழுத்தார். கடைசியில் கட்டையோடு அதை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கடைக்கே போனேன். வழியில் ஆட்டோக்காரர்கள்கூட ஒதுங்கிப் போனார்கள்.

பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சார், இது மரம் வெட்டுற கோடாலி இல்ல, விறகு பொளக்கிறது. கன்னம் தடியா இருந்தாத்தான் கட்டைய ரெண்டா தள்ளும். நீங்க அத சவரக்கத்தி ஆக்கிக்கினு வந்திருக்கீங்க."

இரும்பு ஆப்பு ஒன்றை அடித்துக் கட்டையைப் பிளந்து, கோடாலியை விடுவித்தார். பிறகு தடித்த தலை வேறொன்றைத் தேடி எடுத்து நீட்டினார்.

"இதையாச்சும் தீட்டாதீங்க சார்."

தீட்டவில்லை. விறகெல்லாம் அதுதான் பிளக்கிறது. நான் தீட்டியது முருங்கைக் கிளை வெட்டுகிறது. ஒரே வெட்டுதான்.