ஆடியில் பிரிக்காத பம்பு

என் பெட்டியில் ஒரு தோல் வாஷர் கிடக்கிறது. உள்ளங்கை அகலம், கிண்ணம் மாதிரி வளைவு, ஒரு பக்கம் தேய்ந்து மடங்கிவிட்டது. வீட்டில் இதை எறியப் பார்த்தார்கள். விடவில்லை. அது ஃபிட்டர் பாய் வெட்டிய தோல்.

யுத்தம் முடிந்த சமயம். அடையாற்றங்கரையில் ஒரு கட்டடத்தின் அஸ்திவாரத்துக்காகக் கிணறு இறக்கிக்கொண்டிருந்தோம். மேலே கம்ப்ரசர், அதை ஓட்டுபவன் நான். அதிலிருந்து குழாய் வழியாகக் காற்று இறங்கிக் கிணற்றடியில் இருக்கும் பம்பை அடிக்க வைக்கும். அது ஊற்றுத் தண்ணீரை வெளியே தள்ளினால்தான் கீழே ஆள் நின்று மணல் வாரலாம். அந்தப் பம்பு செத்துக்கொண்டிருந்தது. உள்ளே உருளையே கீறிப்போய்விட்டது, எத்தனை வாஷர் போட்டாலும் தின்றுவிடும் என்றார் பாய். திருவல்லிக்கேணிக்காரர். வேலையும் தெரியும், நக்கலும் உண்டு.

கொட்டகையில் புதுப் பம்பு ஒன்று பெட்டியோடு இருந்தது. ஆணிகூடப் பிடுங்கவில்லை.

"ஆடியில புது மெஷினப் பிரிக்கப்படாது. இன்னும் நாலே நாள். அதுவரைக்கும் இதையே ரிப்பேர் பண்ணி ஓட்டிண்டு இருங்கோ," என்றார் ஓவர்சியர். மயிலாப்பூர்க்காரர்.

"தண்ணி பஞ்சாங்கம் பாத்துக்கினா வருது, சாமி?" என்றார் பாய்.

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். என் பேச்சுக்கு அங்கே கொஞ்சம் மதிப்பு இருந்தது. "நாலு நாள்தானே பாய், தாங்கும்," என்றேன். எனக்கும் ஆடி என்றால் பயம். அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது?

பாய் காறித் துப்பிவிட்டு வாஷருக்குத் தோலை வெட்டி மாட்டினார். மறுநாள் கிணற்று ஆட்கள் இரண்டு பேரும் இறங்க மறுத்தார்கள். பாய் கூட வந்தால்தான் இறங்குவார்களாம். அவர் லுங்கியை மடித்துக் கட்டினார்.

"என் தோலு மேல உனுக்கு நம்பிக்க இல்ல. எனுக்கும்தான் இல்ல. வா நைனா," என்று சிரித்துக்கொண்டே முதலில் இறங்கினார்.

காலையில் பம்பு நிதானமாக அடித்தது. வெயில் ஏறியதும் அடி வேகமானது. டக் டக்கென்று குதிரை மாதிரி ஓடியது. "பாய் கை பட்டா இன்னா ஓட்டம் பாரு சாமி!" என்று கத்தினேன். ஓவர்சியரும் தலையாட்டினார். மடையன் நான். தண்ணீர் தூக்கும் பம்பு கனமாகத்தான் அடிக்கும். தூக்காத பம்புதான் அப்படி ஓடும். கீழே அவர்கள் கத்தியது கம்ப்ரசர் இரைச்சலில் கேட்கவில்லை. தண்ணீர் விழும் குழாய் வாய் கரைக்கு அந்தப் பக்கம், இருபது அடி தூரம். நான் போய்ப் பார்க்கவில்லை.

கயிறு உதறியதைக் கண்டுதான் ஓடினோம். இரண்டு பேரை மேலே தூக்கினோம். அவர்களைக் கட்டி அனுப்பிவிட்டுப் பாய் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தார். மூன்றாம் முறை கயிறு இறங்குவதற்குள் அடிமணல் பொங்கியது. கயிறு வெறுமனே மேலே வந்தது.

அன்று மாலையே பெட்டியைப் பிரித்தோம். ஓவர்சியரே கடப்பாரையால் ஆணியைப் பிடுங்கினார். நேரம் பார்க்கவில்லை, கற்பூரம் கேட்கவில்லை. ஆடி முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. புதுப் பம்பு மெதுவாக, கனமாக அடித்தது. தண்ணீர் வற்றியதும் பாயை எடுத்தோம். கூடவே கிடந்த பழைய பம்பிலிருந்து இந்த வாஷரைக் கழற்றி வைத்துக்கொண்டேன்.

போன வாரம் வீட்டு மோட்டார் நின்றுபோனது. "ஆடி போவட்டும்பா, ஆவணியில புதுசு வாங்கலாம். அதுவரைக்கும் ஒட்டுப் போட்டு ஓட்டுவோம்," என்றான் மகன். நான் என் பெட்டியைத் திறந்து இந்த வாஷரை எடுத்து அவன் கையில் வைத்தேன்.