தறிச் சத்தத்தில் தெரியாமல் போனது

குமாரபாளையத்தை ஒட்டிய எங்கள் ஊரில் வீட்டின் முன்பாதியில் விசைத்தறி ஓடும், பின்பாதியில் குடித்தனம் நடக்கும். தறி ஓடும்போது பேச்சு காதில் விழாது. அதனால் யாரும் கத்துவதில்லை. எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்து உதட்டை அசைப்போம், மிச்சத்தைக் கை சொல்லிவிடும். சோறா, டீயா, நூல் தீர்ந்ததா, மாமியார் வருகிறாளா, எல்லாம் இப்படித்தான். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்களும் சில மாதங்களில் பழகிவிடுவார்கள். நானும் அப்படிப் பழகியவள்தான். பிறகு ஊர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன்.

பக்கத்து வீட்டுத் தறிக்காரரின் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் கேட்டதற்குப் பதில் சொல்வாள், மறுநாள் கூப்பிட்டால்கூடத் திரும்பமாட்டாள். பிள்ளைகள் 'ட்யூப்லைட்' என்று பேர் வைத்திருந்தார்கள். வகுப்பு டீச்சர் அவளுடைய அம்மாவை வரச் சொன்னார். சமையல் கூடத்து வாசலில் வைத்தே பேச்சு நடந்தது.

"சொல்றது எதுவும் ஏற மாட்டேங்குதும்மா. சேலத்துல இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருக்கு. அங்கயே தங்கிப் படிக்கலாம். யோசிச்சுப் பாருங்க."

"ஏனுங்க டீச்சர், ஊட்டுல என்ற மக எல்லாத்தையும் புரிஞ்சுக்கறாளுங்க. வாயாடிங்க அவ. இங்க வந்தா மட்டும் முழிக்கறாங்கறீங்க, எப்படிங்க?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு அவள் ஒரே பிள்ளை. கொண்டுபோய் விடுதியில் விட்டுவிட்டு வருவதா என்ற கேள்வி அன்றிலிருந்து அவரை அரித்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்க வாரம் ஒரு நாள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியை, முடிவு செய்வதற்கு முன் வீட்டையும் பார்க்க வேண்டும் என்றார். வழி காட்ட என்னை அனுப்பினார்கள். நாங்கள் போனபோது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா அந்தப் பக்கம், மகள் இந்தப் பக்கம். அம்மா உதட்டை அசைத்ததும் அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இன்னும் ஏதோ சொன்னதற்குச் சிரித்தாள். காதைப் பொத்திக்கொண்டு நின்ற சிறப்பாசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த நேரம் கரண்ட் போனது. தறிகள் நின்றன. அம்மா அறுந்த இழையை முடிந்துகொண்டே, முதுகைக் காட்டியபடி, "அம்மிணி, டீச்சருக்குச் சேர் எடுத்துப் போடு சாமி" என்றார்.

மகள் அசையவில்லை. சுவரில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், காதுல விழுகுதா இல்லையா?"

சிறப்பாசிரியை மெதுவாக, "நீங்க திரும்பாம இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றார். அம்மா கூப்பிட்டார். பிறகு தாமாகவே திரும்பிப் பார்த்தார். மகள் இன்னும் எறும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் யாரும் யாரையும் குரலால் கூப்பிட்டுப் பழக்கமில்லை. குழந்தைக்குக் காது மந்தம் என்பது எட்டு வயது வரை தெரியாமலே போயிற்று. சுற்றியிருந்த எங்களுக்கும்தான்.

சேலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காது மெஷின் வாங்கி வந்தார்கள். வீட்டில் அதை மாட்டினால் தறிச் சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவாள். வகுப்பில் மாட்டிக்கொண்டாலும் பாதிதான் கேட்கும், மீதிக்கு முகம் தெரிய வேண்டும். சிறப்பாசிரியை சொன்னபடி பிள்ளைகளை அரைவட்டமாக உட்காரவைத்தார்கள். கடைசி வரிசை இல்லாமல் போனதில் தூங்க முடியவில்லை என்று குறைப்பட்டவர்களும் உண்டு. கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவது டீச்சருக்கு ஊறிப்போன பழக்கம். மறந்து திரும்பினால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

"டீச்சர், மூஞ்சி! மூஞ்சி!"

"ஒரு வகுப்பே எனக்கு மாமியாரா வந்து வாச்சிருக்கு" என்று சலித்துக்கொள்வார். ஆனால் திரும்பிவிடுவார். பாடம் மெதுவாகத்தான் நகர்ந்தது. அவள் வாசிக்கத் தொடங்கினாள்.

சேலம் பேச்சு மட்டும் முடியவில்லை. நாலாம் வகுப்புக்கு வேறு சார். அவருக்கு மேலுதட்டை மூடி இறங்கிய மீசை. மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த நாள் அம்மா தலைமையாசிரியரிடம் வந்தார்.

"அந்த சார் பேசறது அவளுக்குத் தெரியலீங்க, வாயே மீசைக்குள்ள இருக்குதுங்க. ஒரு வருசம் சும்மா உக்காந்திருக்கறதுக்குச் சேலத்துல காது கேக்காத பிள்ளைக பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிப்போடறேனுங்க."

அழவில்லை. முடிவெடுத்துவிட்டவர் போலத்தான் சொன்னார். தலைமையாசிரியருக்குச் சங்கடம். ஒரு மனிதரைக் கூப்பிட்டு மீசையைப் பற்றி எப்படிப் பேசுவது? "பள்ளிக்கூடம் திறக்கட்டும்மா, பார்க்கலாம்" என்று அனுப்பிவைத்தார். யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியாது, விடுமுறையில் அந்தப் பேச்சு சாரின் காதுக்குப் போய்விட்டது.

பள்ளி திறந்த அன்று சார் மீசையை உதட்டுக்கு மேலே ஒட்டக் கத்தரித்துக்கொண்டு வந்தார். தலைமையாசிரியர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். பிள்ளைகள் இருப்பார்களா?

"சார், உங்களுக்கு வாய் இருக்குதுங்க சார்!"

வராந்தா முழுக்கச் சிரிப்பு. "உள்ள போங்கடா" என்று அதட்டிய சாருக்கும் முகம் சிவந்துவிட்டது. மகளோடு அம்மா கேட் ஓரமாக நின்றிருந்தார், முடிவைச் சொல்லிவிட்டுப் போக வந்தவராக. சார் அங்கே போய், அவள் உயரத்துக்குக் குனிந்து, "நான் பேசறது தெரியுதா?" என்று கேட்டார்.

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"தெரியுதுங்க சார். ஆனா மீசை ஒரு பக்கம் ஏறியிருக்குதுங்க."

அம்மா தம் கையில் இருந்த புத்தகப் பையை அவள் தோளில் மாட்டிவிட்டு, தறிக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டுப் போனார்.