வாதி: திரௌபதி அம்மன் (மைனர்)

வக்கீல் குமாஸ்தா பிழைப்பில், கேஸ் ஜெயித்தால் வக்கீல் கெட்டிக்காரர். தோற்றால் குமாஸ்தா கேஸ் கட்டைச் சரியாக வைக்கவில்லை. திண்டிவனம் கோர்ட்டில் இருபத்தாறு வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. காலையில் வந்து மரத்தடியில் நின்று, சாயங்காலம் அடுத்த வாய்தா தேதியோடு பஸ் ஏறியவர்கள் இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு சாமி, ஒரு வெளிநாட்டு அரசாங்கத்தின் மேல் போட்ட கேஸும் என் தலையில் விடிந்தது. எந்த நாடு என்று எழுதக் கூடாதாம். கேஸ் நடந்துகொண்டிருக்கிறது என்கிறார் எங்கள் வக்கீல். நடந்தால் சரி.

விஷயம் இவ்வளவுதான். வல்லம் பக்கத்து ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் கூலி வேலைக்குக் கப்பலேறிப் போனார்கள். போன இடத்தில் நிலம் வாங்கித் திரௌபதி அம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். அந்த அரசாங்கம் ஒரு நாள் நிலத்தை எடுத்துக்கொண்டு, கோயிலைப் பூட்டி, ஆளுக்கு ஒரு தகரப் பெட்டியோடு இவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. அந்தக் குடும்பங்கள்தான் இப்போது கோயிலையும் உள்ளே இருக்கும் அம்மனையும் திருப்பிக் கேட்கின்றன. அவர்களுக்குத் தலைவர் கன்னியப்பன், எண்பதைத் தாண்டியவர். அந்தக் கோயிலைக் கண்ணால் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

வயது என்ன?

கம்ப்யூட்டரில் தாக்கல் செய்யும் படிவத்தில் வாதியின் வயது, தகப்பன் பெயர் இரண்டும் கேட்டிருந்தது. காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. தகப்பன் பெயரைக் கன்னியப்பனிடம் கேட்டேன். துருபதன் என்று யோசிக்காமல் சொன்னார். வயதுக்கு என்ன செய்வது என்று வக்கீலைக் கேட்டேன். சட்டப்படி சாமி என்றைக்கும் மைனர்தான், காப்பாளர் ஒருவர் மூலமாகத்தான் கேஸ் போட முடியும், கன்னியப்பனையே காப்பாளராகப் போடு என்றார்.

அதைப் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அஞ்சு பேரக் கட்டிக்கினு, பதினெட்டு நாளு சண்டய நின்னு முடிச்சவ மைனரா? அப்ப உங்க கோர்ட்ல மேஜருன்னா யாரு தம்பி?”

மூன்று தரம் கூப்பிட்டது

கோர்ட் வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் டவாலி. எங்கள் டவாலிக்குத் தெருக்கூத்துக் குரல். முதல் நாள் பட்டியலைப் பார்த்து, “வாதி திரௌபதி அம்மன்!” என்று ஒரு தரம் கூப்பிட்டார். தாழ்வாரத்தில் இருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. இரண்டாம் தரம் கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் தரத்துக்கு, கிளியனூரிலிருந்து ஜீவனாம்சக் கேஸுக்கு வந்திருந்த ஒரு அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. ஜீவனாம்சம் கொடுக்க வேண்டிய புருஷன்காரன் ஓடிப்போய் ஜீப்புக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழம் வாங்கிவந்து, ஆளை உட்காரவைப்பதற்குள் எனக்கு அன்றைய வேலை மொத்தமும் கெட்டது. எங்கள் கேஸும் தள்ளிப்போனது. டவாலி மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

“என் சர்வீஸ்ல மூணு தரம் கத்தியும் வராதவங்களத்தான் சார் பாத்திருக்கேன். கூப்பிட்டதும் ஜல்தியா வந்தது இந்தம்மா ஒருத்திதான்.”

பெட்டியில் இருந்த பத்திரம்

வெளிநாட்டு அரசாங்கத்தின் மேல் கேஸ் போட டெல்லியின் சம்மதம் வேண்டும். அது வரும்வரை கேஸுக்கு நம்பர் கிடையாது, வாய்தா மட்டும் உண்டு. நிலம் கோயிலுடையதுதான் என்பதற்கு ஆதாரம் என்ன என்று டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கன்னியப்பன் தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரே ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். பத்திரம் என்று வருஷா வருஷம் பொட்டு வைத்துக் கும்பிட்ட தாள். அந்த நாட்டு எழுத்து; எங்கள் ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு மூன்று முறை பஸ் ஏறினேன். கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் போடும் ஒரு அம்மாள், அந்த நாட்டிலிருந்து வந்த குடும்பம் என்று தெரிந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். அது பத்திரமே இல்லை. தீ மிதிக்கப் போலீஸ் கொடுத்த அனுமதி. ஆறு மணிக்குள் நெருப்பை அணைத்துவிட வேண்டுமாம். நான் அப்படியே அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கிழவரிடம் இதை எந்த வாயால் சொல்வது? என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, தாளை மறுபடி ஒரு தரம் படித்தாள்.

“அண்ணே, ‘கோயிலுக்குச் சொந்தமான எடத்துல’ன்னு ஒரு வரி போட்டிருக்குது. அது எதுக்குனா ஆவுமா பாருங்க.”

ஆகும் என்று வக்கீல் துள்ளிக் குதித்தார். அனுப்பினோம். டெல்லி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு முழம் பூ

ஒவ்வொரு வாய்தாவுக்கும் கன்னியப்பன் மஞ்சள் பையில் ஒரு முழம் பூவோடு வருவார். சாயங்காலம் வாய்தா தேதி தெரிந்ததும், அதை எங்கள் டைப்பிஸ்ட் விமலாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். விமலாவுக்கு வாய்தா என்றால் பூ. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கோர்ட்டுக்கு எதற்குப் பெரியவரே பூ என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

அம்மன் திருவிழாவில், பாரதக் கூத்து முடிகிற நாளன்று துரியோதனனை மண்ணில் செய்து படுக்கவைப்பார்கள். அவனை வதம் செய்த பிறகுதான், சபதத்தால் விரித்த அம்மனின் கூந்தலை முடிந்து பூ வைப்பது. அந்தக் கோயிலில் கன்னியப்பனின் அப்பா பூசாரி, இவர் கூடமாட நிற்பவர். கடைசித் திருவிழாவில் வதம் முடிந்து, பூவோடு இவர் அம்மனிடம் போகிற நேரத்தில்தான் அதிகாரிகள் வந்து எல்லாரையும் வெளியே தள்ளிப் பூட்டுப் போட்டார்கள். அன்றிலிருந்து இங்கே ஊர்த் திருவிழாவிலும் கூந்தல் முடிப்பதில்லை. உத்தரவு என்றைக்கு வருமோ, வந்த அன்றைக்குப் பூ இல்லாமல் நிற்கக் கூடாது என்றுதான் வாய்தாதோறும் பூவாம். உத்தரவு வந்தாலும் பாஸ்போர்ட், விசா, விமானம் எல்லாம் இருக்கிறதே என்று நான் சொல்லவில்லை.

“நெலத்த அவங்களே வெச்சிக்கட்டும் தம்பி. அவ தலய விரிச்சிக்கினே இருட்டுல உக்காந்துகினு இருக்கா. கதவ ஒரு நாழி தொறந்தா முடிஞ்சிட்டு வந்துடுவேன். அதுக்கு எந்த செக்ஷன்ல கேக்கணும்?”

காப்பாளர் மாற்றம்

போன வாய்தாவுக்கு மஞ்சள் பை வந்தது, கன்னியப்பன் வரவில்லை. அவருடைய மகள் தனலட்சுமி வந்திருந்தாள். அவளுக்கே பேரன் எடுத்த வயது. அப்பாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம் வரவில்லை, பேச்சும் குழறுகிறது என்றாள். எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி அவர். அவரைக் கூண்டில் ஏற்றுவதற்குள் கேஸுக்கு ஒரு நம்பர்கூட வாங்கித் தர முடியவில்லையே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. இருந்தாலும் குமாஸ்தா புத்தி, காப்பாளரை மாற்றக் கோரும் மனுவைத்தான் முதலில் எடுத்து நீட்டியது.

காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். எல்லாம் முடிந்ததும் பையை விமலாவின் மேஜையில் வைத்தாள்.

“கூந்தல் எப்பிடி முடியறதுன்னு இடது கையாலயே என் தலயில போட்டுக் காட்டிட்டாரு சார், நான் கத்துக்கினேன். அடுத்த வாய்தா எப்பன்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு.”

சட்டப்படி எங்கள் வாதிக்கு என்றைக்கும் வயது ஏறாது. வாய்தாவுக்கு வருகிறவர்களுக்குத்தான் ஏறிக்கொண்டே போகிறது.